அது சீதனம் அல்ல, விதவைப் பங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் ஆரம்பகால விவசாயக் குடும்பங்களையும் அங்கே இருந்த அடிமை முறையையும் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நாங்கள் தமிழக, கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் பழைய ஆதாரங்களும் (சொத்துப் பத்திரங்களும்) ஓலைகளும் வாசித்துப் பழகியவர்கள். கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் அதில் ஒரு சொல் தவறாக விழுந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லால் விஷயமே தலைகீழாகிவிட்டது. ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையில் இருந்த அடிமைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் அவர் மனைவி மார்த்தா கொண்டுவந்த ‘சீதன அடிமைகள்’ என்று அச்சாகியிருக்கிறது. திருத்தம் கேட்டு எழுதுகிறோம். திருத்தத்தோடு, சொத்துப் பிரிவினை என்ற கோணத்திலிருந்து இந்த விஷயத்தைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதையும் சொல்ல இடம் கொடுங்கள்.

ஆங்கிலத்தில் டவுரி என்பது ஒன்று, டவர் என்பது வேறொன்று. டவுரி என்றால் கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுக்கும் சீதனம். டவர் என்பது கணவன் இறந்த பிறகு விதவைக்குச் சட்டம் ஒதுக்கும் பங்கு. மூன்றில் ஒன்று, அதுவும் ஆயுள் உள்ளவரை அனுபவிக்க மட்டும். விற்க முடியாது, யாருக்கும் எழுதிவைக்க முடியாது. அவள் கண்ணை மூடியதும் இறந்துபோன கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போகும். நம் ஆதாரங்களில் ஆயுள்கால அனுபோகம் என்று எழுதுகிறோமே, ஏறக்குறைய அதுதான்.

மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த முறையில்தான் மார்த்தாவின் அனுபோகத்துக்கு வந்தது. 1759-இல் அவர் வாஷிங்டனை மணந்தபோது அந்த அனுபோகமும் கூடவே வந்தது. 1799-இல் மவுண்ட் வெர்னன் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். அவர்களில் வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள் 123 பேர், கஸ்டிஸ் சொத்தின் விதவைப் பங்கில் இருந்தவர்கள் 153 பேர், மற்றவர்களிடமிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள் 41 பேர். அந்த ஆண்டு எழுதிய உயிலில், தம் மனைவியின் காலத்துக்குப் பிறகு தம்முடைய 123 பேருக்கும் விடுதலை என்று வாஷிங்டன் எழுதினார். வில்லியம் லீ என்ற ஒருவருக்கு மட்டும் உடனே விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலர் உதவித்தொகையும் கிடைத்தன. மார்த்தா அந்த 123 பேரைத் தம் சாவு வரை காக்க வைக்காமல் 1801 ஜனவரி 1 முதல் விடுவித்தார். ஆனால் அந்த 153 பேரை வாஷிங்டனாலும் விடுவிக்க முடியாது, மார்த்தாவாலும் முடியாது. அவர்கள் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்து. சீதனம் என்று எழுதிவிட்டால் இந்த முடிச்சு வாசகருக்குத் தெரியவே தெரியாது. மனம் வைத்தால் விடுவித்திருக்கலாமே என்றுதான் தோன்றும். 1802-இல் மார்த்தா இறந்தார். 153 பேரும் நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு பிரிக்கப்பட்டார்கள். இரண்டு கணக்கிலும் இருந்த பலர் ஆண்டுக்கணக்கில் ஒரே பண்ணையில் வாழ்ந்து ஒருவரையொருவர் மணந்திருந்தார்கள். கணவன் ஒரு கணக்கு, மனைவி இன்னொரு கணக்கு என்றால் ஒருவருக்கு விடுதலை, மற்றவருக்கு நான்கு பேரப்பிள்ளைகளில் ஒருவரின் வீடு.

அடிமை முறை என்றதும் சந்தையும் சாட்டையும்தான் எல்லோருக்கும் கண்முன் வருகிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் ஒரு விவசாயக் குடும்பத்தில் அடிமையாக இருந்தவருக்கு மிகவும் அச்சமான நாள் முதலாளி செத்த நாள். அதுவரை ஓரளவு நிலையாக இருந்த வாழ்க்கை அன்றோடு கலைந்துவிடும். எப்படிக் கலையும் என்பதை ஆவணங்களின் வரிசையிலேயே பார்க்கலாம்.

வர்ஜீனியா போன்ற இடத்தில் ஒரு விவசாயி இறந்தால் முதலில் உயில் இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் கொடுப்பார்கள். உயிலை நிறைவேற்றுபவர் பிணையப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். பிறகு நீதிமன்றம் பக்கத்து ஊர் நிலக்காரர்களில் மூன்று நான்கு பேரை மதிப்பீட்டாளர்களாக நியமிக்கும். அவர்கள் பண்ணைக்கு வந்து ஒவ்வொரு பொருளாகப் பார்த்து விலை போட்டு எழுதுவார்கள். அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் கலப்பை, பசு, இறகுப் படுக்கை, இரும்புச் சட்டி, அதே தாளில் அதே கையெழுத்தில் மனிதர்களின் பெயர்கள், பெயருக்கு நேரே பவுண்டும் ஷில்லிங்கும். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் சேர்த்து ஒரே விலை போட்டிருப்பார்கள். உழைக்க முடியாத முதியவருக்கு நேரே பூச்சியம் இருக்கும். சில பட்டியல்களில் முதியவருக்குச் செலவு என்று கழித்தே காட்டியிருப்பார்கள்.

பட்டியல் முடிந்ததும் கடன். இறந்தவருக்குக் கடன் இருந்தால் அசையும் பொருளும் அடிமைகளும் முதலில் அதற்குப் போக வேண்டும். உயிலில் ‘இவருக்கு விடுதலை’ என்று எழுதியிருந்தாலும் கடன் தீர்ந்த பிறகுதான் அந்த வரிக்கு உயிர் வரும். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று பெரும் கடனோடு இறந்தார். அடுத்த ஜனவரியில் அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். அவர் மாமனார் ஜான் வேல்ஸ் 1773-இல் இறந்தபோது 135 அடிமைகளும் 11,000 ஏக்கர் நிலமும் அவர் கைக்கு வந்தன. மாமனாரின் கடனும் கூடவே வந்தது. வந்த அடிமைகளும் வந்த கடனும் ஒரே தராசில்தான் இருந்தன.

கடன் போக மிஞ்சியது பங்கு. இதை எண்களோடு பார்த்தால்தான் விளங்கும். பின்வருவது புரிவதற்காக நாங்கள் போட்ட கணக்கு. எந்தக் குடும்பத்தின் கணக்கும் அல்ல. உயில் இல்லாமல் ஒரு விவசாயி இறக்கிறார். விதவை, மூன்று பிள்ளைகள். அடிமைகளின் மதிப்பு: ஏர் உழும் ஆள் 100 பவுண்டு, கைக்குழந்தையோடு ஒரு தாய் 90, அவளுடைய 12 வயது மகன் 70, அவளுடைய 8 வயது மகள் 50, இளைஞன் ஒருவன் 50, அவளுடைய கிழத்தாய் பூச்சியம். மொத்தம் 360. விதவைக்கு மூன்றில் ஒன்று 120. சிறுவனும் சிறுமியும் சேர்ந்தால் சரியாக 120. அவர்கள் விதவை பக்கம் போகிறார்கள். மீதி 240, மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு 80. மூத்தவன் உழுபவனை எடுத்து 20 பவுண்டு வெளியே வைக்கிறான். இரண்டாமவள் தாயையும் கைக்குழந்தையையும் எடுத்து 10 வைக்கிறாள். மூன்றாமவனுக்கு இளைஞனும் 30 பவுண்டு ரொக்கமும். கூட்டிப் பாருங்கள், ஒரு பென்னி பிசகாது. பாகப்பத்திரம் எழுதிப் பழகியவர் யாரும் இதில் குறை சொல்ல மாட்டார்கள். தாய் ஒரு வீட்டில், மகனும் மகளும் இன்னொரு வீட்டில், பூச்சியம் போட்ட கிழவியை யார் அழைத்துப்போவது என்பது பேச்சுவார்த்தையில்.

இதோடு முடியவில்லை. விதவைக்குக் கிடைத்தது ஆயுள் அனுபோகம்தானே. பத்து வருடம் கழித்து அவள் இறந்தால் சிறுவனும் சிறுமியும் மறுபடி பட்டியலுக்கு வருவார்கள். இப்போது அவர்கள் இளைஞனும் இளம்பெண்ணும். அவளுக்கு இதற்குள் பிறந்த குழந்தைகளும் பட்டியலில் சேரும். இரண்டாவது முறை மதிப்பீடு, இரண்டாவது முறை பங்கு. சில பங்குகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டும் எடுத்தார்கள். வாஷிங்டன் வீட்டில் 1802-இல் நடந்ததும் இந்த இரண்டாவது பங்குதான்.

பிள்ளைகள் வயதுக்கு வராதவர்கள் என்றால் வேறு வழி இருந்தது. நிறைவேற்றுபவர் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அடிமைகளை ஒரு வருடக் குத்தகைக்கு விடுவார். உடுப்பு, செருப்பு, கம்பளி கொடுப்பது எடுத்தவர் பொறுப்பு என்று பத்திரத்தில் இருக்கும். வாடகை, வாரிசுப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும். வருடாவருடம் வேறு வேறு கை மாறுவதால் யாருக்கும் அந்த ஆளின் உடம்பைப் பற்றி அக்கறை இராது. ஒரு வருடத்துக்குள் எவ்வளவு வேலை வாங்க முடியுமோ அவ்வளவும் வாங்குவார்கள். குத்தகைக்கு எடுத்த தென்னந்தோப்பைக் கடைசி வருடம் எப்படி நடத்துவார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கெல்லாம் ஓடுவதற்கு அடிப்படை, 1662-இல் வர்ஜீனியா போட்ட ஒரு சட்டம். பிறக்கும் குழந்தை அடிமையா, சுதந்திரனா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அது. மருமக்கள் வழியில் (சகோதரியின் பிள்ளைகளுக்கு) சொத்து இறங்கிய நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த இடம் சட்டென்று உறைக்கும். ஆங்கிலேயருக்கு எல்லாமே தந்தை வழி. பெயர் தந்தை வழி, நிலம் தந்தை வழி, பட்டம் தந்தை வழி. அடிமை விஷயத்தில் மட்டும் தாய் வழி. ஏன் என்றால் அடிமைப் பெண்களின் குழந்தைகளுக்குப் பல நேரம் தந்தை முதலாளியோ முதலாளியின் மகனோ. தந்தை வழி என்று விட்டிருந்தால் அந்தக் குழந்தைகள் சுதந்திரர்கள் ஆகிவிடுவார்கள், ஒருவேளை பங்கும் கேட்பார்கள். தாய் வழி என்று ஆக்கியதும் அதே குழந்தை பங்கு கேட்கும் ஆளாக இல்லாமல் பங்கு வைக்கப்படும் பொருளாகிவிட்டது. நம் பக்கம் தாய் வழி என்றால் பெண்ணுக்குத் தறவாட்டில், அதாவது தாய்வழிக் குடும்ப வீட்டில், ஓர் அறையும் சோறும் உறுதி. அங்கே அதே தாய் வழி, விலங்குக்கு வழி. ஐந்து வருடம் கழித்து 1667-இல் ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை நிலை மாறாது என்று இன்னொரு சட்டம் வந்து அந்தக் கதவையும் மூடியது.

1705-இல் வர்ஜீனியா அடிமைகளை வாரிசு விஷயத்தில் அசையாச் சொத்து என்று அறிவித்தது. நிலமும் நிலத்தில் உழைக்கும் ஆளும் பிரியாமல் மூத்த மகனுக்கு இறங்க வேண்டும், அவன் மற்றப் பிள்ளைகளுக்கு மதிப்பில் பங்கைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கடன் என்று வந்தால் மட்டும் அதே அடிமை அசையும் பொருள், ஏலத்தில் தூக்கலாம். 1792-இல் திரும்ப முழுக்க அசையும் சொத்தாக்கினார்கள். இந்த ஆண்டுகளைக் கவனிக்காமல் ஒரு பழைய பாகப்பத்திரத்தைப் படித்தால், அவர் ஏன் தம்பிக்குப் பணம் கொடுத்தார், ஏன் ஆளைக் கொடுக்கவில்லை என்று புரியாது.

உங்கள் கட்டுரையில் இன்னொரு வரி, ‘வடக்கே சிறு விவசாயக் குடும்பங்களில் அடிமைகள் வீட்டில் ஒருவரைப் போல நடத்தப்பட்டனர்’ என்பது. ஒரே மேசையில் சாப்பிட்ட வீடுகள் இருந்தன. மேசையைச் சொல்பவர்கள் பத்திரத்தைச் சொல்வதில்லை. மாசசூசெட்ஸில் கால்டுவெல் என்ற விவசாயி 1754-இல் மிங்கோ, டைனா என்ற கணவன் மனைவியை அவர்களுடைய ஒன்பது மாதக் குழந்தை குவாக்கோடு சேர்த்து விலைக்கு வாங்கினார். 25 வயதில் உனக்கு விடுதலை என்று அந்தப் பையனிடம் சொல்லியிருந்தார். 1763-இல் கால்டுவெல் இறந்தார். பையன் விதவையிடம் போனான். அவள் 21 வயதிலேயே விடுவிப்பதாகச் சொன்னாள். பிறகு ஜெனிசன் என்பவரை மறுமணம் செய்தாள். பின் அவளும் இறந்தாள். இரண்டு பேரும் கொடுத்த வாக்கு எதுவும் எழுத்தில் இல்லை. பையன் ஜெனிசனின் சொத்தாகிவிட்டான். 1781-இல் குவாக் வாக்கர் அங்கிருந்து வெளியேறி, பழைய முதலாளியின் தம்பிமாரின் வயலில் வேலைக்குச் சேர்ந்தார். ஜெனிசன் ஆட்களோடு வந்து அவரை அடித்து இழுத்துப்போனார். வழக்கு நடந்தது, குவாக் சுதந்திரர் என்று தீர்ப்பாகி 50 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. 1783-இல் ஜெனிசன் மேல் நடந்த குற்ற வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அந்த மாநிலத்தின் அரசியலமைப்புக்கும் அடிமை முறைக்கும் ஒத்துவராது என்று நடுவர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஜெனிசனுக்கு 40 ஷில்லிங் அபராதம். 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமை என்று ஒருவரும் பதிவாகவில்லை. கால்டுவெல் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். அவர் நல்லவராக இருந்ததால் குவாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் செத்ததால்தான் ஆயிற்று.

நியூயார்க்கின் அல்ஸ்டர் மாவட்டத்தில் டச்சுக்காரரான ஹார்டன்பர்க் குடும்பத்துப் பண்ணையில் பிறந்த இசபெல்லாவின் கதையும் இதுதான். பின்னாளில் சோஜர்னர் ட்ரூத் என்று உலகம் அறிந்தவர். முதலாளி இறந்ததும் அவருடைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. ஒன்பது வயதுச் சிறுமி ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்குப் போனாள். அவளுக்கு அப்போது டச்சு மொழி மட்டும்தான் தெரியும்; வாங்கியவர்களுக்கு ஆங்கிலம். சொன்னது விளங்காததற்கெல்லாம் அடி விழுந்தது. அவளுடைய தந்தை வேலை செய்ய முடியாத முதியவர். அவரைச் சுமக்க வாரிசுகளில் ஒருவருக்கும் விருப்பமில்லை. அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தாய்க்கும் விடுதலை கொடுத்தார்கள். மதிப்பீட்டுப் பட்டியலில் பூச்சியம் என்று நாங்கள் மேலே சொன்னது இந்த மாதிரியான ஆளைத்தான்.

இங்கே எல்லையோரத்தில் இருந்துகொண்டு அமெரிக்காவை மட்டும் பேசுவது நேர்மையாகாது. மலபாரில் 1800-இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், வயல் அடிமைகளைக் கைமாற்றும் மூன்று வழிகளைக் குறித்திருக்கிறார்: ஜன்மம், காணம், பாட்டம். ஜன்மம் அறுதி விற்பனை. காணம், ஒற்றி போல முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளைக் கொடுப்பது. பாட்டம் வருட வாடகை. ஓர் இளைஞனும் மனைவியும் 250 முதல் 300 பணம் (அக்கால நாணயம்), இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகள் உண்டென்றால் இன்னும் 100 பணம் கூடும், நான்கைந்து பிள்ளைகள் இருந்து அதில் இரண்டு பேர் வேலைக்கு ஆகும் வயது என்றால் 500, 600 பணம். பாட்டம் ஆணுக்கு வருடம் 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. கணவனையும் மனைவியையும் பிரித்து விற்பதில்லை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாம் என்பதே வழக்கு. நிலத்துக்கு என்ன வகை ஆதாரமோ ஆளுக்கும் அதே வகை. வர்ஜீனியாக்காரன் நிலமா பொருளா என்று நூறு வருடம் சட்டம் மாற்றிக்கொண்டிருந்த கேள்வியை இங்கே நிலத்தின் சொற்களாலேயே முடித்துவிட்டார்கள்.

திருவிதாங்கூரில் அரசுக்கே அடிமைகள் இருந்தார்கள். 1812-இல் ராணி கௌரி லட்சுமி பாய் வெளியிட்ட அரச அறிவிப்பு அடிமை விற்பனையைத் தடை செய்தது, ஆனால் விவசாயத்துக்காக நிலத்தோடு கட்டப்பட்ட சாதியாருக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. பெரும்பாலானவர்கள் அந்த விலக்குக்குள்தான் இருந்தார்கள். 1853-இல் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று அறிவிப்பு. 1855 ஜூன் 24-இல், கொல்லம் 1030-இல், முழு விடுதலை. பிறக்கப்போகிறவருக்கு மட்டும் விடுதலை என்ற 1853-இன் வழி பென்சில்வேனியாவில் 1780-இலும் நியூயார்க்கில் 1799-இலும் நியூஜெர்சியில் 1804-இலும் கையாண்ட வழிதான். அங்கே அந்தப் பிள்ளைகள்கூட பென்சில்வேனியாவில் 28 வயது வரை தாயின் முதலாளிக்கு உழைக்க வேண்டும். நியூயார்க்கில் ஆணுக்கு 28, பெண்ணுக்கு 25. இருக்கிறவர்களின் விலை முதலாளிக்கு நட்டமாகக் கூடாது என்பதே இந்த எல்லாக் கணக்கின் உள்ளே இருப்பது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலபாருக்கு 1843-இன் ஐந்தாவது சட்டம் (இந்திய அடிமை முறைச் சட்டம்) பொருந்தியது. அதில் நாலு பிரிவுகள்தான். மூன்றாவது பிரிவை யாரும் பேசுவதில்லை. எங்களுக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒருவர் உழைத்துச் சேர்த்த சொத்தையோ வாரிசாகவோ உயிலாலோ பெற்ற சொத்தையோ, அவர் அடிமை என்றோ அவருக்குக் கொடுத்தவர் அடிமை என்றோ சொல்லிப் பறிக்கக் கூடாது என்கிறது அது. அதுவரை அடிமை என்பவர் மற்றவருக்கு வாரிசுச் சொத்து. அன்றுதான் அடிமைக்கு வாரிசு உண்டு என்று சட்டம் வாய்திறந்து சொன்னது.

இனி வாசிக்கும் விஷயம். அமெரிக்காவில் தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினத்தவர் 1870-ஐ ஒரு சுவர் என்கிறார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில்தான் அவர்கள் எல்லோருக்கும் பெயர் எழுதப்பட்டது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று இருக்கும், அடிமையின் பெயர் இருக்காது. ஆகவே சுவரைத் தாண்ட முக்கிய வழி முதலாளி வீட்டு உயிலும் மதிப்பீட்டுப் பட்டியலும் பாகப்பத்திரமும். முதலில் 1870-இல் குடும்பம் இருந்த ஊரைப் பிடிப்பார்கள். அந்த வட்டாரத்தில் 1860-இல் இருந்த அடிமை முதலாளிகளில், வயதும் பாலினமும் ஒத்துவரும் பட்டியல் யாருடையது என்று பார்ப்பார்கள். பிறகு அந்த முதலாளி மட்டும் அல்ல, அவருடைய தகப்பன், மாமனார், மனைவியின் முதல் கணவன் என்று எல்லோருடைய உயில்களையும் எடுப்பார்கள். மாமனாரை விட்டுவிட்டால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். குடும்பப் பெயர் முதலாளியின் பெயராகத்தான் இருக்கும் என்று நம்பித் தேடுவதும் வழக்கமான தவறு. பலர் பழைய முதலாளி ஒருவரின் பெயரையோ தாங்களே தேர்ந்த பெயரையோ வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் எழுதுபவர்கள் தடுக்கிவிழும் சொற்கள் சில. உயிலில் ‘சர்வன்ட்’ என்று இருந்தால் வேலைக்காரர் என்று எழுதிவிடுகிறார்கள். 1600-களின் வர்ஜீனியாவில் அது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிய ஆளாக இருக்கலாம். எத்தனை ஆண்டு பாக்கி என்ற எண் பக்கத்தில் இருக்கும். 1800-களில் எண் இல்லாமல் அதே சொல் வந்தால் அநேகமாக அடிமைதான். ‘இன்கிரீஸ்’ என்பதை வருமானம், வட்டி என்று மொழிபெயர்க்கிறார்கள். ‘ஹன்னாவும் அவளுடைய இன்கிரீஸும் என் மகளுக்கு’ என்று இருந்தால் ஹன்னாவும் அவளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளும் என்று பொருள். ‘இஷ்யூ’ என்றால் அங்கே சந்ததி.

நம் பக்க ஓலைகளிலும் இதே தடுக்கல் உண்டு. ஆள் என்ற சொல்லைக் கூலியாள் என்று படித்து அச்சிட்டுவிட்டால், விற்கப்பட்ட மனிதர் வேலைக்கு வந்தவர் ஆகிவிடுகிறார். அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் அடிமை ஆவணங்கள் இருப்பது வரலாற்றில் ஆர்வமுள்ள நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். கவிமணி தேடி எடுத்துக் கொடுத்த செல்வம் அது. அந்த மாதிரி ஓலைகள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கும். வீட்டுப் பெயருக்குக் கெடுதல் என்று எரித்துவிடாதீர்கள். அந்த ஓலையில் ஒற்றைப் பெயராக நிற்கிறவரின் சந்ததிக்கு வேறு எந்தக் காகிதமும் இல்லை. பதிவேடும் இல்லை, உயிலும் இல்லை.

எடுத்து வாசிக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. கட்டை அவிழ்க்கும் முன்பே வரிசை எண் குறித்துக்கொள்ளுங்கள், கயிறு அறுந்தால் ஓலைகள் கலைந்துவிடும், பிறகு கோக்க முடியாது. உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டி, சுத்தமான பருத்தித் துணியில் புல்தைலம் மிகக் கொஞ்சம் தொட்டுத் துடைத்தால் ஓலைக்கு வளைவு திரும்பும். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியைத் தைலத்தில் குழைத்துத் தடவித் துடைக்க, கீறலில் கரி தங்கி எழுத்து எழும்பும். ஓரம் பொடிந்த ஓலைக்கு இதைச் செய்யக் கூடாது, துடைக்கும்போதே உதிர்ந்துவிடும். காகித ஆதாரத்தில் எண்ணெய் படவே கூடாது, மை பரவும். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்க முடியாது. படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம், பக்கவாட்டில் இருந்து சாய்ந்த வெளிச்சம் விழுந்தால் கீறல் நிழல் காட்டும். இரண்டு பக்கமும் எடுங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள்.

வாசிக்கத் தொடங்கினால் முதலில் கொல்லம் ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் மார்கழி நடு வரை 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி முடிய 825. எழுத்து வட்டெழுத்தா, கோலெழுத்தா, மலையாண்மையா என்று பாருங்கள். தெற்குத் திருவிதாங்கூர்க் கணக்குகளில் மூன்றும் புழங்கின, தமிழும் மலையாளமும் ஒரே வரியில் கலந்து வரும். எல்லைகள், மரங்கள், தண்ணீர் உரிமை எல்லாம் எழுதி முடித்த பிறகு வரும் வரிகளை அவசரமாகத் தாண்டாதீர்கள். நிலத்தோடு சேர்ந்து போகிறவை என்ற இடத்தில்தான் ஆள் வருவார். பெயர், ஆணா பெண்ணா, சாதி, யாருடைய மகள் என்பது இருந்தால் அது, விலை எத்தனை பணம், ஜன்மமா காணமா பாட்டமா, சாட்சி யார் என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். விலையை மட்டும் எழுதிக்கொண்டு பெயரை விட்டுவிட்ட கட்டுரைகளே அச்சில் அதிகம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த ஞாயிறு இணைப்பில் ‘சீதன அடிமைகள்’ என்பதை ‘முதல் கணவரின் சொத்தில் மார்த்தாவுக்கு ஆயுள் அனுபோகமாக வந்த விதவைப் பங்கு அடிமைகள்’ என்று திருத்தி, 153 என்ற எண்ணோடு வெளியிடுங்கள். எல்லையின் இரண்டு பக்கமும் உள்ள வாசகர்கள் பழைய பாகப்பத்திரங்களிலும் ஓலைகளிலும் காணும் ஆட்களின் பெயர்களை அனுப்பினால், சொத்துக்காரரின் வீட்டுப் பெயர் இல்லாமல், அந்த ஆட்களின் பெயரும் ஊரும் ஆண்டும் மட்டும் அச்சிட வாரம் கால் பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பழைய ஆதாரம் வாசிக்கும் நண்பர்கள்,
களியக்காவிளை.